உடைய மறுத்த எண்

1644-ல் பாரிஸைச் சேர்ந்த மெர்சென் என்ற துறவி தன் நூலில் ஒரு பட்டியல் போட்டார். 2-ஐ எத்தனை முறை பெருக்கி, வந்த விடையில் ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைக்கும் என்ற பட்டியல் அது. அதில் 67-ம் இருந்தது. அதாவது 14,75,73,95,25,89,67,64,12,927 என்ற 21 இலக்க எண், 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது என்றார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த வாக்கு நின்றது. ஒரு பிரெஞ்சுக்காரர் குறுக்கே வரும்வரை.

1876-ல் எத்வார் லூகா ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். வகுத்துப் பார்க்காமலேயே, எண் பகா எண்ணா இல்லையா என்று சொல்லிவிடும் சோதனை. அதில் மெர்சென்னின் எண் தேறவில்லை. அது உடையும் என்பது நிச்சயமாகிவிட்டது. ஆனால் எந்த எண்களாக உடையும்? லூகாவுக்கே தெரியவில்லை!

1903 அக்டோபர். நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் அந்த 21 இலக்க எண்ணைக் கணக்கிட்டு எழுதினார். மறுபக்கம் 19,37,07,721-ஐயும் 7,61,83,82,57,287-ஐயும் வரிவரியாகப் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. வாய் திறக்காமல் போய் உட்கார்ந்தார். அரங்கம் கைதட்டியது என்பார்கள். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் செலவாயின என்றும் ஒரு கதை உண்டு. பெருக்கச் சில நிமிடம், பிரிக்க மூன்று வருடம். இந்த வம்பு பிடித்த குணத்தால் யாருக்கு என்ன லாபம்?

1977-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் ஒரு விசித்திரப் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பூட்டலாம், உரியவர் மட்டுமே திறக்க வேண்டும். ரிவெஸ்டும் ஷமீரும் யோசனை சொல்வார்கள். ஏடில்மன் அதில் ஓட்டை கண்டுபிடிப்பார். யோசனைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. ஏப்ரலில், யூதர்களின் பஸ்கா விருந்து முடிந்து வீடு திரும்பிய ரிவெஸ்டுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி விடையைப் பூட்டாக ஊருக்கே சொல்லிவிடலாம், சாவியான அந்த இரண்டை மட்டும் ஒளித்துவைத்தால் போதும் என்று தோன்றியது. இந்த முறை ஏடில்மனாலும் உடைக்க முடியவில்லை.

ஆகஸ்டில் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்திரிகைப் பத்தியில் இதை விளக்கி, 129 இலக்க எண் ஒன்றைச் சவாலாக வெளியிட்டார். பரிசு 100 டாலர். உடைக்க 40,000 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும் என்பது ரிவெஸ்டின் கணக்கு. பதினேழே ஆண்டில், 1994-ல், சுமார் 600 தன்னார்வலர்கள் இணையம் வழியே கணினிகளைக் கூட்டுச் சேர்த்து உடைத்தெறிந்தார்கள். அந்த எண்ணால் பூட்டிவைத்திருந்த செய்தி, எலும்பு தின்னும் கழுகு ஒன்றைப் பற்றிய அர்த்தமில்லாத வாசகம். பூட்டின் கதை முடிந்ததா?

இல்லை, எண்தான் நீண்டது. இன்று வங்கித் தளத்தைத் திறக்கும்போது, அது அசல்தானா என்று போன் சரிபார்க்கும் சான்றிதழ்களில் பலவற்றில் இருப்பது அதே பூட்டுதான். இப்போது 617 இலக்கம். அதை வேகமாக உடைக்கவே முடியாது என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. சாதாரணக் கணினியில் அதற்கான வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.