கிளட்சு வந்த கதை

தோட்டத்து இளைஞர்கள் பழைய கார் வாங்குவதை நாம் பார்த்து வருகிறோம். தானியங்கிக் கியர்பெட்டி கெட்டால், பழுதுச் செலவுக்கு அஞ்சிக் கைக்கியர் பெட்டியை மாற்றிப் பொருத்துகிறார்கள். பொருத்திய மறுநாளே கியர் விழ மறுக்கிறது, கறகறவென்று சத்தம். உடனே பெட்டியே கெட்டது என்று முடிவுகட்டி, இன்னொன்றுக்குக் கடன் வாங்குகிறார்கள். கடன் வாங்குமுன் கிளட்சின் வரலாற்றைக் கேட்டால் நல்லது. குற்றம் எங்கே ஒளிந்திருக்கும் என்பதை அதுவே காட்டும்.

இயந்திரம் ஓட வேண்டும், வண்டி நிற்க வேண்டும். இதுதான் முதல் கார் செய்தவர்களுக்கு வந்த சிக்கல். 1886இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற வண்டியில் கிளட்சு கிடையாது, பெல்ட்தான். பழைய ஆலைகளை அறிந்த பெரியவர்களுக்கு இது உடனே விளங்கும். தண்டோடு இறுகிய கப்பி ஒன்று, சும்மா சுழலும் கப்பி ஒன்று. பெல்ட்டைச் சும்மாக் கப்பிக்குத் தள்ளினால் வண்டி நின்றுவிடும்.

1891இல் பிரான்சின் பனார்-லெவாசோர் நிறுவனம் இயந்திரத்தை முன்னால் வைத்து, அதன் பின்னே கிளட்சையும் பல்சக்கரங்களையும் வரிசைப்படுத்தியது. அக்காலக் கிளட்சு கூம்பு வடிவம்; மேலே தோல் போர்த்தியிருக்கும். தோல் காய்ந்தால் வெடுக்கென்று பிடிக்கும், எண்ணெய் பட்டால் வழுக்கும். காய்ந்த தோலுக்கு விளக்கெண்ணெய் பூசினார்கள் என்றால் நம்புவீர்களா? பின்னர் தோல் போய், ஆஸ்பெஸ்டாஸ் கலந்த தட்டு வந்தது. ஆனால் எண்ணெய் பட்டால் வழுக்கும் குணம் மட்டும் போகவில்லை. இயந்திரம் இரைந்தும் வண்டி ஏறாவிட்டால், தட்டில் எண்ணெய் கசிந்ததா, பெடலில் சிறிதளவு தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

1928இல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் வந்தது. பல்சக்கரங்கள் இணையுமுன் அவற்றின் வேகத்தை இது சமப்படுத்தும். ஆகவே கியர் சத்தமின்றி விழும். ஆனால் கிளட்சு முழுதாக விடுபடாத குறையையும் இது ஓரளவு மறைத்துவிடும். நம்மவர் 'கோஸ்தான்' என்று சொல்லும் பின்கியருக்குப் பழைய கார்கள் பலவற்றில் இவ்வசதி இல்லை. எனவே அதுவே நல்ல சாட்சி. வண்டியை நிறுத்தி, பெடலை முழுதாக மிதித்துச் சில விநாடி பொறுத்துப் பின்கியர் போடுங்கள். அப்போதும் கறகறத்தால், பெரும்பாலும் குற்றம் கிளட்சில்தான்.

1940ஆம் ஆண்டுக்கான ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ரமாட்டிக் வந்து, கிளட்சுப் பெடலையே எடுத்துவிட்டது. மாற்றிப் பொருத்துவோர் தடுமாறும் இடம் இதுதான். தானியங்கிக் காரில் இயந்திரத்தின் பின்னே மெல்லிய தகடுதான் இருக்கும். கைக்கியருக்குக் கனமான பிளைவீல் வேண்டும். பின்சக்கரம் இழுக்கும் பழைய கார்கள் பலவற்றில், இயந்திரத் தண்டின் முனையில் ஒரு சிறு பேரிங்கும் வேண்டும். அதை மறந்தாலோ, அது இறுகிப்போனாலோ, பெடலை மிதித்தும் கியர்பெட்டித் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். கிளட்சுத் தட்டைத் திருப்பி மாட்டினாலும் இதே கதி.

பெடலை இரண்டு மூன்று முறை மிதித்த பிறகுதான் கியர் விழுகிறதா? எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். காற்றை வெளியேற்றிப் பாருங்கள். இதற்குப் பெட்டியை இறக்கத் தேவையில்லை. மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் என்றால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நியூட்ரலில் எழும் இரைச்சல் மிதித்ததும் அடங்கினால்தான் பெட்டிக்குள் பார்க்க வேண்டும்.

பெட்டியை இறக்கியே ஆகவேண்டுமானால், ஜேக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்காதீர்கள். பழைய தட்டின் தூசியை ஊதவும் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடையுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.