ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப சீழ்க்கட்டியா? கீறி எடுத்தால் மட்டும் போதாது.. ஏன்?

அக்குளில் கட்டி வந்தால் வீட்டில் சொல்வது ஒன்றுதான்: "சூட்டுக் கட்டி, இளநீர் குடி, சரியாயிடும்." பெரும்பாலும் சரியாகியும் விடும். ஆனால் அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்துக்குக் கீழ், பிட்டம் போன்ற இடங்களில் 6 மாதத்துக்குள் 2 தடவையோ அதற்கு மேலோ வந்தால் ஹைட்ராடெனிடிஸ் சப்புரேடிவாவாக இருக்கலாம். வாயில் நுழையாத பெயர், சுருக்கமாக ஹெச்.எஸ்.

இதில் முடியின் வேர்ப்பை அடைபட்டு தோலுக்குள்ளேயே உடைகிறது. அதற்கு உடலின் எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறி வினையாற்றுவதால் வீக்கமும் சீழும் வருகின்றன. குளிக்காததால் வருவதில்லை. யாருக்கும் தொற்றாது, உடலுறவாலும் பரவாது. இது தெரியாமல் கூச்சப்பட்டு மறைப்பவர்கள்தான் அதிகம். நோய் இன்னதென்று உறுதியாகவே சராசரியாக 7 முதல் 10 ஆண்டுகள் ஆகிவிடுகிறது.

அதற்குள் சிலருக்கு நோய் முற்றிவிடும். ஹர்லி அளவுகோலில் இது மூன்றாம் நிலை. கட்டிகள் தோலுக்கு அடியில் சுரங்கம் போல ஒன்றோடொன்று இணைந்து புரையோடியிருக்கும். தழும்பு இறுகி, கையைத் தூக்குவதே கஷ்டமாகிவிடும்.

கீறினால் ஏன் திரும்ப வருது?

சீழ் வெளியேறும், வலி உடனே குறையும். அவ்வளவுதான். சுரங்கத்தின் சுவர் அப்படியே இருப்பதால் கட்டி மறுபடி வரும். அதனால் சுரங்கத்தின் மேல்பகுதியைத் திறந்து அகற்றி, அடியிலிருந்து ஆற விடுகிறார்கள். ரொம்ப முற்றியிருந்தால் அந்தப் பகுதித் தோலையே அகலமாக வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் கத்தி மட்டும் போதாது, உள்ளே இருக்கும் அழற்சியும் அடங்க வேண்டும். முதலில் டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள். கேட்காவிட்டால் அடலிமுமாப் ஊசி. இதை ஹெச்.எஸ். நோய்க்காக அமெரிக்கா 2015-ல் அனுமதித்தது. பெரியவர்களுக்கு முதலில் 160 மில்லிகிராம், 2 வாரம் கழித்து 80, நான்காவது வாரத்திலிருந்து வாரம் 40 என்பது வழக்கமான அளவு. 2023-ல் செகுகினுமாப் ஊசியும் அங்கு அனுமதி பெற்றது. அடலிமுமாபின் இந்தியத் தயாரிப்பு 2014 முதலே இங்கு கிடைக்கிறது. இருந்தாலும் மாதக்கணக்கில் போடுவது சாதாரண குடும்பத்துக்குப் பெரிய செலவுதான்.

இந்தியாவில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது டிபி. உடலுக்குள் தூங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை அடலிமுமாப் எழுப்பிவிடலாம். அதனால் மார்பு எக்ஸ்ரே, டிபி பரிசோதனை இல்லாமல் ஊசியை ஆரம்பிக்கக் கூடாது. மஞ்சள் காமாலை 'பி' வைரஸுக்கும் ரத்தப் பரிசோதனை தேவை.

சிகரெட்டும் உடல் பருமனும் இந்த நோயோடு நெருங்கிய தொடர்புள்ளவை. சர்க்கரை அளவையும், மனச்சோர்வு இருக்கிறதா என்பதையும் டாக்டர்கள் கேட்பார்கள். பல வருடமாக ஆறாத புண், குறிப்பாக பிட்டத்தில் இருந்தால், புற்றுநோயா என்று சதைப் பரிசோதனை செய்ய வேண்டும்.

தோல் டாக்டரிடம் போகிற நாளில் கட்டி அடங்கியிருக்கலாம். அதனால் வீங்கியிருக்கும்போதே போனில் போட்டோ எடுத்து வைங்க. இதுவரை எத்தனை தடவை, எங்கெங்கே கீறினார்கள் என்பதையும் எழுதிக் கொண்டு போங்க.