அக்வாபோனிக்ஸ் முறைக்கான மீன், பயிர்த் தேர்வு

அக்வாபோனிக்ஸ் என்பது மீன் வளர்ப்பையும் மண்ணில்லாப் பயிர் வளர்ப்பையும் ஒரே நீர்ச் சுழற்சியில் இணைக்கும் முறை ஆகும். மீன்கள் வெளியேற்றும் அமோனியாவை நைட்ரசோமோனாஸ் வகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா வகைகள் அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைப் பயிர்கள் உறிஞ்சிக்கொள்ள, நீர் மீண்டும் மீன் தொட்டியை அடைகிறது. மூன்று உயிரினங்களும் ஒரே நீரில் வாழ வேண்டியிருப்பதால், அந்நீரின் தன்மையைக் கொண்டே இனங்கள் தேர்வு செய்யப்படுகின்றன. இக்கட்டுரை திருவள்ளூர் மாவட்டத்தின் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பகுதிகளை முன்வைத்து அத்தேர்வை விளக்குகிறது.

நீரின் தன்மை

ஆரணியாறு, கொசஸ்தலையாறு வடிநிலத்தில் நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதால் மீஞ்சூர் பகுதியில் கடல்நீர் உட்புகுந்துள்ளது. சுழற்சித் தொட்டியில் நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுகிறது. எனவே குறைந்த நீரை உவர்க் கிணற்று நீரால் ஈடுசெய்தால் உவர்ப்பு நாளடைவில் கூடும். இதனை மீன் தாங்கினாலும் பெரும்பாலான பயிர்கள் தாங்குவதில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய இடங்களில் கிணற்று நீரை ஈயம், காட்மியம், குரோமியம் ஆகியவற்றுக்காக ஆய்வகத்தில் சோதித்தல் இன்றியமையாதது. பாக்டீரியாக்கள் உலோகங்களை அழிப்பதில்லை; அவை கீரையிலும் மீனிலும் சேர்ந்து உண்போரை அடைகின்றன. துத்தநாகமும் செம்பும் மீன்களுக்கு நஞ்சாகக்கூடியவை. ஆதலால் துத்தநாகம் பூசிய தொட்டிகளும் செம்புக் குழாய்களும் தவிர்க்கப்படுகின்றன.

வடகிழக்குப் பருவமழையின்போது, முதல் மழையை விடுத்துச் சேமிக்கும் கூரை நீர் உவர்ப்பற்றது. ஆயினும் அதில் காரத்தன்மை குறைவாதலால் சிறிது சிப்பி ஓடு சேர்க்கப்படுகிறது. அமில-காரக் குறியீடு (பி.எச்.) 6 முதல் 7 வரை இருப்பது மூன்று உயிரினங்களுக்கும் பொதுவாக ஏற்றது.

மீன்கள்

* திலேப்பியா (ஜிலேபி கெண்டை): 27-30 பாகை செல்சியசில் நன்கு வளரும், நெருக்கத்தையும் ஓரளவு உவர்ப்பையும் தாங்கும். 1988 இல் பிலிப்பைன்சில் தொடங்கிய திட்டத்தில் உருவான கிஃப்ட் இனம் விரைவாக வளரக்கூடியது. இதனை வளர்க்க மாநில மீன்வளத்துறையின் அனுமதி தேவை.
* விரால்: காற்றைச் சுவாசிப்பதால் மின்வெட்டின்போதும் பிழைக்கும். ஒன்றையொன்று உண்ணும் இயல்புடையதால் அளவுவாரியாகப் பிரித்து வளர்க்க வேண்டும்.
* சாதாக் கெண்டை: பலவகை வெப்பநிலையைத் தாங்கும் தன்மையது.
* கொய், தங்கமீன்: உணவுக்கன்றி அழகுக்காக வளர்ப்போருக்கு ஏற்றவை. சென்னை கொளத்தூர் இவற்றின் வணிகத்திற்குப் பெயர்பெற்றது.

டிரௌட் மீனுக்குக் குளிர்ந்த நீர் தேவைப்படுவதால் இப்பகுதிக்குப் பொருந்தாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு இந்தியாவில் 2000 ஆம் ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

பயிர்கள்

வள்ளைக்கீரை, பொன்னாங்கண்ணி, பசலை, தண்டுக்கீரை, புதினா ஆகியவை இங்குள்ள வெப்பத்திற்கு ஏற்றவை. லெட்யூஸ் கோடையில் விரைவில் பூத்துக் கசந்துவிடும். தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றுக்குப் பொட்டாசியம் மிகுதியாகத் தேவை. ஆதலால் மீன்கள் நன்கு வளர்ந்த பழைய தொட்டிகளிலேயே அவை பயிரிடப்படுகின்றன. மீன் தீவனத்தில் இரும்பு, கால்சியம், பொட்டாசியம் ஆகியன போதிய அளவு இல்லாததால் அவற்றைத் தனியே சேர்க்க வேண்டும்.

உவர்ப்புத் தாங்குதிறனில் பீன்ஸ் மிகக் குறைந்தது. மிளகாய், தக்காளி ஆகியன இடைநிலையில் உள்ளன. பீட்ரூட் இவற்றினும் கூடுதலாகத் தாங்கும். நீர் மிகவும் உவர்ப்பாயின் கொடுவா மீனும் உமரிக்கீரையும் மாற்றாக அமையும்.

அளவு விகிதம்

மீன்களின் எண்ணிக்கையைவிட நாள்தோறும் இடும் தீவனத்தின் எடையே கணக்கிடப்படுகிறது. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் 2014 ஆம் ஆண்டுக் கையேடு கீரைகளுக்குச் சதுர மீட்டருக்கு 40-50 கிராம் தீவனமும், காய்தரும் பயிர்களுக்கு 50-80 கிராமும் பரிந்துரைக்கிறது. எடுத்துக்காட்டாக, 10 சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் தீவனம் தேவை. மீன்கள் தம் உடல் எடையில் 1.5 விழுக்காடு உண்பதாகக் கொண்டால், இதற்கு 30 கிலோ மீன் வேண்டும். பாக்டீரியாக்கள் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆவதால், அதுவரை மீன்கள் குறைவாகவே விடப்படுகின்றன.