பூந்தமல்லிக்காரர் கேட்டுச் சொன்ன ஆறு பதில்கள்

தினமும் பூந்தமல்லியில் பஸ் மாறிக் கல்லூரிக்குப் போகும் நண்பர்களே, அங்கே இருக்கும் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? நானும் இரண்டாம் வருடம் வரை போனதில்லை. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கத்தான் போனேன். திருக்கச்சி நம்பி என்பவருக்கு உள்ளே சன்னதி இருந்தது. யார் இவர் என்று வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்ததில் வந்தது இந்தக் கட்டுரை.

நம்பி 11ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் பிறந்தவர். வணிகக் குடும்பம். (பி.காம். படிக்கிற எனக்கு அதிலேயே ஒரு பாசம் வந்துவிட்டது!) வியாபாரத்தில் மனம் ஒட்டாமல், காஞ்சிபுரம் வரதராஜருக்கு ஆலவட்டம், அதாவது விசிறி வீசும் தொண்டை எடுத்துக்கொண்டார். வீசும்போது பெருமாள் அவரோடு பேசுவாராம். ஒரு நாள் நம்பி மோட்சம் கேட்க, "நீ வீசினாய், நான் பேசினேன், அதற்கு இது சரியாகிவிட்டது" என்கிற பாணியில் பதில் வந்ததாகக் கதை. பற்றும் வரவும் நேராகி, பாக்கி பூஜ்யம்!

அப்போது காஞ்சியில் இருந்தவர் இளம் ராமானுஜர். பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த பிராமணர். நம்பியையே குருவாகக் கொள்ள ஆசைப்பட்டார். வருண முறைக்கு ஒவ்வாது என்று நம்பி மறுத்துவிட்டார். சரி, அவர் சாப்பிட்ட மீதியையாவது பிரசாதமாக உண்போம் என்று ராமானுஜர் அவரை வீட்டுக்கு அழைத்தார். நம்பியோ ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் வந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் இலையை அப்புறப்படுத்தி, இடத்தைச் சுத்தம் செய்து, குளித்துவிட்டு, கணவருக்குப் புதிதாகச் சமைத்தார். கதை சொல்பவர்கள் பழியை அந்த அம்மாள் மேல் போடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அன்று எல்லா வீட்டிலும் நடந்ததைத்தான் அவரும் செய்தார்.

இதையெல்லாம் சொல்வது பிற்காலத்துக் குருபரம்பரை நூல்கள். கல்வெட்டுச் சாட்சி போல எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வைணவர்கள் தங்கள் பெரிய ஆசாரியர் வீட்டுச் சங்கடத்தை மறைக்காமல் எழுதி வைத்தார்களே, அதைக் கவனிக்க வேண்டாமா?

அடுத்து ராமானுஜர் தன் மனதில் இருந்த சந்தேகங்களுக்குப் பெருமாளிடம் விடை கேட்டுச் சொல்லும்படி நம்பியை வேண்டினார். ஆறு பதில்கள் வந்தன. நானே பரம்பொருள், ஜீவனும் இறைவனும் வேறு, சரணாகதியே வழி, சாகும் நேரத்து நினைவு கட்டாயமில்லை, உடல் விழும்போது மோட்சம், பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள். பின்னாளில் விசிஷ்டாத்வைதம் என்று விரிந்த தத்துவத்தின் விதை இதில் இருக்கிறது. அது வந்தது ஒரு பூந்தமல்லி வணிகரின் வாய் வழியாக. ஆறாவது பதிலை அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்றுதான் யோசிக்கிறேன். குருவாக வேண்டும் என்று கேட்கப்பட்டவரே இன்னொருவர் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பெரிய நம்பி மதுராந்தகத்தில் ராமானுஜருக்குத் தீட்சை தந்தார். அவர் பிராமணர்தான். ஆனால் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த மாறனேரி நம்பி இறந்தபோது ஈமக்கடன் செய்து, ஊராரின் எதிர்ப்பை வாங்கிக்கொண்டவரும் இவரே. இந்த மூன்று நம்பிகளும் ஆளவந்தாரின் சீடர்கள்.

பூந்தமல்லிக் கோயிலுக்குப் போவதானால் மாசி மிருகசீரிடத்தன்று போங்கள். நம்பியின் திருநட்சத்திரம் அது.