சுருதிப் பெட்டியும் மின்சார முனகலும்

தாமிரபரணி நீரைக் கொண்டு பாபநாசத்தில் 1944இல் மின் உற்பத்தி தொடங்கிற்று. கம்பிகள் ஊர்தோறும் சென்றன. ஆயினும், உடன்குடி வட்டாரத்தில் குலசேகரன்பட்டினம் தசராவுக்காகத் தெருத்தெருவாய்ச் செல்லும் கலைக்குழு, நின்ற இடமெல்லாம் மின் இணைப்பைத் தேட முடியுமா? கையில் தூக்கிச் செல்லும் மின்னணுக் கருவிக்குப் பாட்டரியே துணை.

1962இல் அமெரிக்காவில் வெளிவந்த 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்', கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் மிதிபெட்டி. 1.5 வோல்ட் பாட்டரிகள் இரண்டே அதற்குப் போதும். நம் நாட்டில், பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான பெங்களூர் ராஜ் நாராயண் 1979இல் மின்னணுச் சுருதிப் பெட்டியை உருவாக்கினார். கிதாருக்குக் கரகரப்பு அழகு. சுருதிக்கு அது ஆகாது.

வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறும். முழு அலைதிருத்தியால் நேராக்கினால் 100 துடிப்புகள் மிஞ்சும். மின்தேக்கி அவற்றைச் சமன்செய்யும். அது பழுதானால் முனகல் கேட்கும். ஆண்குரலுக்கு ஒரு கட்டைச் சுருதியில் சட்ஜம் ஏறத்தாழ 131 அதிர்வு, கீழ்ப் பஞ்சமம் 98. இந்த 98உம் முனகலின் 100உம் சேர்ந்தால், ஒலி நொடிக்கு இருமுறை ஏறி இறங்கும். பாடுபவருக்கு இதைவிடத் தொல்லை ஏது?

பாட்டரியில் முனகல் இல்லை. ஆனால் தீரத் தீர மின்னழுத்தம் குறையும், உள்தடை கூடும்; அலையியற்றி அதனால் தடுமாறினால் கச்சேரி நடுவே சுருதி நழுவும். சீனர் டயோடு அழுத்தத்தை நிலைநிறுத்தும். பாட்டரி அந்த அளவுக்கும் கீழே இறங்கிவிட்டால், புதியதை மாற்ற வேண்டியதுதான்.