நோட்டமும் கண்காணியும்: ஐயுறவைக் குறிக்கும் வழக்குச் சொற்களின் வரலாறு, நீலகிரியை முன்வைத்து

பிறர்மேல் ஐயுறவு கொள்வதையும் மறைந்திருப்பதை உய்த்துணர்வதையும் குறிக்க நோட்டம் விடுதல், வேவு பார்த்தல், துப்புக் கிடைத்தல், உரசிப் பார்த்தல், நாடி பிடித்துப் பார்த்தல் எனத் தமிழ்ப் பேச்சில் பல வழக்குகள் உள்ளன. இவற்றைக் கொச்சை என்று ஒதுக்குவது எளிது; ஆனால் இவற்றுள் பலவும் ஒரு காலத்தில் போர்த்தொழிலுக்கோ வணிகத்துக்கோ கோயில் நிருவாகத்துக்கோ உரிய கலைச்சொற்களாக இருந்தவை என்பதும், உரிய அலுவலர் மட்டுமே செய்த சோதனை எல்லார்க்கும் பொதுவான செயலானபோது அச்சொற்களும் பொதுவழக்கில் இறங்கின என்பதும் அவற்றின் வரலாற்றால் விளங்கும். பல மொழிகள் அருகருகே வழங்கும் நீலகிரி மலை இவ்வரலாற்றின் இரு கிளைகளை ஒருங்கே காட்டுகிறது.

போர்த்தொழிலிலிருந்து வந்தவையே இவற்றுள் மிகப் பழமையானவை. தொல்காப்பியப் புறத்திணையியல், பகைவரின் ஆநிரையைக் கவரும் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாக 'வேய்' என்பதைக் கூறுகிறது. நிரை இருக்கும் இடத்தையும் அதைக் காப்போரின் நிலையையும் ஒற்றர் மறைந்தறிந்து வருவதே அத்துறை. இன்றைய 'வேவு' அதன் உறவுச்சொல். திருக்குறளில் 59ஆம் அதிகாரமான ஒற்றாடல் இப்பணியை அரசனின் கடமைகளுள் வைத்துப் பேசுகிறது. வலிமை என்று பொருள்பட்ட 'துப்பு' பிற்காலத்தில் குற்றத்தை வெளிக்கொணர உதவும் தடயத்தையும் குறிக்கலாயிற்று. எனினும் 'துப்புக் கெட்டவன்' என்னும் வசையில் பழைய வலிமைப் பொருள் இன்றும் அழியாமல் நிற்கிறது.

வணிகத்திலிருந்து வந்தவற்றுள் தலையாயது 'நோட்டம்'. நாணயத்தின் மாற்றையும் எடையையும் ஆராய்ந்து நல்லது, கள்ளது என்று பிரிக்கும் சோதனைக்கு அது பெயர். அத்தொழில் செய்தவர் நோட்டக்காரர் எனப்பட்டார். இத்தொழிலின் தொன்மைக்குச் சங்கப் புலவர் பெயர்களே சான்றாகின்றன. வடமவண்ணக்கன் தாமோதரனார் போன்றோர் பெயரில் வரும் 'வண்ணக்கன்' என்பதற்கு நாணயப் பரிசோதகன் என்றே பொருள் கூறுவர். பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லைத் திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரம் மனிதரை மதிப்பிடும் முறைக்கு உவமையாக்கியது. ஒருவர் நம்பத்தக்கவரா என்று 'உரசிப் பார்க்கும்' இன்றைய வழக்கும் அவ்வழியில் வந்ததே. சோதிக்கப்படும் பொருள் காசிலிருந்து ஆளுக்கு மாறியபோது, ஆளையும் வீட்டையும் மறைவாக அளந்தறிவது 'நோட்டம் விடுதல்' ஆயிற்று.

தமிழ்ப் பேச்சில் இவ்வாறு மறைவுப் பொருள் ஏறிய இச்சொல்லின் வேர், நீலகிரியில் எந்த ஐயுறவும் கலவாமல் அன்றாடம் ஒலிக்கிறது. படுகர் மொழியிலும் கன்னடத்திலும் 'நோடு' என்றால் பார் என்பதே பொருள். 1935 முதல் 1938 வரை நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த எம். பி. எமனோ, தாமஸ் பரோவுடன் இணைந்து 1961இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி இத்தகைய உறவுகளை ஒருசேர வைத்துக் காண வழி செய்தது. மலைமொழியின் எளிய வினையும் சமவெளியின் சந்தைச் சொல்லும் ஒரே பார்வையிலிருந்து பிறந்தவை என்பது இவ்வொப்பீட்டால் தெளிவாகிறது.

இரண்டாம் கிளை தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்தது. கண்ணால் கண்டு காப்பவர் என்று பொருள்படும் 'கண்காணி', சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் 'மாகேசுவரக் கண்காணி' என்று, கோயிற் காரியங்களை மேற்பார்த்தோரைக் குறித்தது. அச்சொல்லே 'கங்காணி' எனத் திரிந்து, சமவெளி ஊர்களில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்துத் தோட்டத்தில் அவர்களை வேலை வாங்கியவரின் பதவிப்பெயராக இலங்கையிலும் நீலகிரியிலும் வழங்கிற்று. கோயிற் பொருளைக் காத்த பார்வை இங்கே கூலியாளின் கொழுந்துக் கூடைமேலும் நடமாட்டத்தின்மேலும் படிந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தபின், தாயகம் திரும்பியோரில் பலர் நீலகிரியில் குடியேறினர். 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், இன்று டான்டீ என அறியப்படுபவற்றில், வேலை பெற்ற அவர்களோடு இலங்கை மலையகத்தின் தோட்டத் தமிழும் இம்மலையை அடைந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொற்கள் மீண்டும் இடம் பெயர்ந்தன. 1902–03ஆம் ஆண்டுகளில் இயங்கிய பிரேசர் காவல் ஆணையத்தின் பரிந்துரையை அடுத்து மாகாணங்களில் குற்றப் புலனாய்வுத் துறைகள் அமைந்தன. 1908இல் வெளிவந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' துப்பறியும் கோவிந்தனை வாசகரிடையே புகழ்பெறச் செய்தது. நாவலும் பின்னர்த் திரைப்படமும் பரப்பிய வழக்கால் அண்டை வீட்டாரைத் துருவுவதும் 'சி.ஐ.டி. வேலை' எனப்பட்டது. தெரிந்ததுபோல் ஒன்றைச் சொல்லி எதிராளியின் வாயிலிருந்தே உண்மையை வரவழைக்கும் 'போட்டு வாங்குதல்' போன்ற புதிய வழக்குகள் அலுவலரின் துணையின்றி மக்கள் பேச்சிலேயே தோன்றின.

ஆகவே இவ்வழக்குகளை வெறும் பேச்சுக் கொச்சையாகக் கொள்வது பிழை. யார் யாரைச் சோதிக்கும் உரிமை பெற்றிருந்தார் என்பதையும், அவ்வுரிமை ஒற்றரிடமிருந்தும் நோட்டக்காரரிடமிருந்தும் கங்காணியிடமிருந்தும் பொதுமக்களிடம் வந்து சேர்ந்த வழியையும் அவை தம் பொருள் மாற்றத்திலேயே பதிந்து வைத்திருக்கின்றன. நீலகிரியின் பழங்குடி மொழிகளுக்குக் கிடைத்த ஆய்வுக் கவனம் அம்மலையின் தோட்டத் தமிழுக்கும் கிடைக்க வேண்டும். சோதனைக்கு உள்ளான மக்களின் சொற்களும் தொகுக்கப்பட்டாலொழிய, சோதித்தவர்களின் ஆவணங்களைக் கொண்டு எழுதப்படும் இவ்வரலாறு பாதி வரலாறாகவே இருக்கும்.