கணிப்பொறிக்கு ஏன் காய்ச்சல்?

தேனியிலோ கம்பத்திலோ வீட்டுக் கணிப்பொறி சூடேறித் தானாக நின்றுவிட்டால், நாம் முதலில் வெயிலைத்தான் குறை சொல்வோம். வெயில்தான் குற்றவாளியா? கணிப்பொறியின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் வெப்பம் பிறக்கும். அதன் அளவை 1841-இல் ஜூல் கணக்கிட்டுக் காட்டினார். 1946-இல் அமெரிக்காவில் இயங்கத் தொடங்கிய எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. அது விழுங்கிய ஏறத்தாழ 150 கிலோவாட் மின்சாரமும் இறுதியில் வெப்பமாகவே வெளிவந்தது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் 1960-இல் இயக்கிய டிஃப்ராக்கிலும் 2,700 வால்வுகள் இருந்தன.

1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்தது. அது வால்வைப்போல் சூடாவதில்லை. ஆனால், நகத்தளவு சில்லுக்குள் லட்சக்கணக்கில் அவற்றை அடைத்தபோது வெப்பம் மீண்டும் தலைதூக்கியது. 1993-இல் வந்த பென்டியம் சுமார் 15 வாட் வெப்பம் வெளியிட்டது. 2004-இல் வந்த சில பென்டியம் 4 சில்லுகள் 100 வாட்டைத் தாண்டின. ஒரு குண்டு பல்பின் சூடு முழுவதும் ஒரு நகத்தின் மேல் இறங்கினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஆகவே வெப்பத்திற்கு ஒரு வழி அமைத்தார்கள். சில்லிலிருந்து பசைக்கு, பசையிலிருந்து உலோகத் தகடுகளுக்கு, அங்கிருந்து விசிறிக் காற்றோடு வெளியே. இவ்வழி எங்கே அடைபட்டாலும் சில்லு முதலில் வேகத்தைக் குறைக்கும், பிறகு நின்றுவிடும்.

அறை வெப்பம் 30 டிகிரியிலிருந்து 40 ஆனால், சில்லின் வெப்பமும் ஏறக்குறைய 10 டிகிரிதான் உயரும். தகடுகள் தூசியால் அடைபட்டாலோ அதைவிட அதிகமாக உயரலாம். தேனி வட்டாரத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே கணவாய்க் காற்றுதான் புழுதியையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

எனவே வரிசையாகச் சோதியுங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுங்கள். மீண்டும் இயக்கும்போது விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். அதன் பின்னும் சூடு தணியாவிட்டால், பசை காய்ந்திருக்கலாம். பழுது பார்ப்பவரிடம் புதுப்பசை இடச் சொல்லுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதைப் போடி இலவம்பஞ்சு மெத்தைமேல் வைத்தால், அடியிலுள்ள காற்றுத் துளைகள் மூடிக்கொள்ளும். பலகைமேல் வையுங்கள்.

புதிய பொறிக்குப் பணம் தேடுமுன் இவற்றைச் செய்து பாருங்கள். பல வேளைகளில் ஒரு தூரிகையே போதும்.